நெல்வயலில் முளைத்த சில்லு: பினாங்கு சொல்லும் பாடம்

(கேமரன் மலையின் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில், நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

குளிரையும் மழைத் தூறலையும் பொருட்படுத்தாமல் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் தோட்டத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வீட்டில் இருந்தபடி நம்மோடு இணைந்திருக்கும் நேயர்களே!

இன்றைய கருத்தரங்கின் தலைப்பு ‘ஒரு நகரம் எப்படித் தொழில்நுட்ப நகரம் ஆகிறது?’ என்பது. தலைப்பைக் கேட்டதும் பலருக்கு வியப்பாக இருந்திருக்கும். ‘நாங்கள் தேயிலை மலையில் இருக்கிறோம். எங்களிடம் வந்து நகரத்தைப் பற்றியும் கம்ப்யூட்டர் சில்லைப் பற்றியும் ஏன் பேச வேண்டும்?’ என்று ஒரு பெரியவர் வாசலிலேயே என்னைக் கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. இந்த மலையில் பிறக்கும் பிள்ளைகளில் பலர் படிப்பு முடிந்ததும் பஸ் ஏறிக் கீழே இறங்குகிறார்கள். அவர்கள் போய்ச் சேரும் ஊர்களில் முக்கியமான ஒன்று பினாங்கு. போகிற ஊரின் கதை தெரிந்தால்தான் அங்கே எந்த வாசல் வழியாக நுழைவது என்று தீர்மானிக்க முடியும். அதனால்தான் இந்தப் பேச்சு.

ஒரு துறைமுகம் தூங்கிப் போன கதை

1786-ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் இறங்கி ஆங்கிலேயக் கொடியை ஏற்றினார். கப்பல்களுக்குச் சுங்க வரி கிடையாது என்பதுதான் அந்தத் துறைமுகத்தின் கவர்ச்சி. மிளகும் கிராம்பும் வந்தன. பிறகு ஈயமும் ரப்பரும் வந்தன. அவற்றை ஏற்றவும் இறக்கவும் நம்மவர்கள் வந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், செட்டியார் கடைகளில் கணக்கு எழுதியவர்களும், தமிழ் முஸ்லிம் வணிகர்களும் சேர்ந்துதான் ஜார்ஜ் டவுனை வளர்த்தார்கள். 1816-இல் பினாங்கு இலவசப் பள்ளி தொடங்கப்பட்டபோது அதில் தமிழ் வகுப்பும் நடந்தது. நம் நாட்டில் தமிழ்க் கல்வியின் வயதை அந்த ஆண்டில் இருந்துதான் கணக்கிடுகிறோம்.

1957 ஜனவரி 1-ஆம் தேதி மலாயாவிலேயே முதலாவதாக ‘மாநகரம்’ என்ற தகுதியை ஜார்ஜ் டவுன் பெற்றது. அந்தப் பெருமை வந்த வேளையில் துறைமுகத்தின் நல்ல காலம் முடிந்துகொண்டிருந்தது. தெற்கே சிங்கப்பூர் வளர்ந்துவிட்டது. கோலாலம்பூருக்கு அருகே இருந்த கிள்ளான் துறைமுகத்தைத்தான் மத்திய அரசாங்கம் வளர்க்க விரும்பியது. 1960-களின் கடைசியில் பினாங்குத் தீவின் வரியில்லாத் துறைமுகத் தகுதி பறிபோனது. 180 ஆண்டுகளாக எதை நம்பிப் பிழைத்தார்களோ, அது கையை விட்டுப் போய்விட்டது.

ஊரே வேலை இல்லாமல் நின்றது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உழைக்கும் வயதில் இருந்தவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு வேலை இல்லை. படித்த இளைஞர்கள் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். 1967 நவம்பரில் நாணய மதிப்பு விவகாரம் கடையடைப்பாகத் தொடங்கிக் கலவரமாக மாறியதும், உயிர்கள் பலியானதும் இதே நகரத்தில்தான்.

அதே 1969-ஐத் தோட்டத்துப் பெரியவர்களும் மறந்திருக்க மாட்டார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்ற சட்டம் வந்தது அப்போதுதான். சிவப்பு அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் பினாங்குத் துறைமுகத்தில் இருந்தே கப்பல் ஏறித் தமிழ்நாடு திரும்பினார்கள். ஒரு நகரமும் ஒரு சமுதாயமும் ஒரே நேரத்தில் நிலைகுலைந்து நின்ற காலம் அது.

மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டு

1969 பொதுத் தேர்தலில் பினாங்கின் முதலமைச்சர் ஆனவர் டாக்டர் லிம் சோங் இயூ. தொழிலால் மருத்துவர். 1990 வரை 21 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். பதவிக்கு வந்த அதே ஆண்டில் பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தார். ராபர்ட் நாதன் நிறுவனத்தின் வெளிநாட்டு ஆலோசகர்கள் தயாரித்த பெருந்திட்ட அறிக்கை 1970-இல் கிடைத்தது. கப்பலை நம்பியது போதும், தொழிற்சாலையையும் சுற்றுலாவையும் நம்புங்கள் என்பதே அந்த அறிக்கையின் சாரம்.

அறிக்கைகளை அலமாரியில் வைத்துப் பூட்டுவது நம் நாட்டில் புதிதல்ல. பினாங்கில் அப்படி நடக்கவில்லை. தீவின் தெற்கே, விமான நிலையத்துக்கு அருகே இருந்த பாயான் லெப்பாஸ் பகுதி அன்று நெல்வயலும் சதுப்பும் கம்பமுமாக இருந்தது. அங்கே நிலம் எடுத்து, மேடாக்கி, சாலை போட்டு, மின்சாரமும் தண்ணீரும் கொண்டு வந்தார்கள். 1971-இல் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம் வந்தது. அந்த வட்டாரத்துக்குள் இறக்குமதியாகும் மூலப்பொருளுக்கு வரி இல்லை. தயாரித்து ஏற்றுமதி செய்யும் பொருளுக்கும் வரி இல்லை. போதாததற்கு, முன்னோடி நிறுவனங்களுக்குச் சில ஆண்டுகள் வருமான வரி விலக்கும் கிடைத்தது. கடற்கரையில் இழந்த வரி விலக்கை வேலி போட்ட ஒரு நிலத்துக்குள் திரும்பவும் உயிர்ப்பித்தார்கள் என்று சொல்லலாம்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஏன் என்ற கேள்வி எழும். ரப்பர் மூட்டைக்குக் கப்பல் வேண்டும். கம்ப்யூட்டர் சில்லு அப்படி அல்ல. ஒரு சிறிய பெட்டியில் அடங்கும் சில்லுகள் லட்சக்கணக்கான வெள்ளி பெறும். அதை விமானத்தில் அனுப்பினால் கட்டுப்படியாகும். துறைமுகம் கைவிட்ட ஊரை விமான நிலையம் தாங்கிப் பிடித்ததன் காரணம் இதுதான்.

எட்டுப் பெயர்கள்

1972-ஐ ஒட்டி அங்கே கால் பதித்த முதல் எட்டு நிறுவனங்களைப் பினாங்கு மக்கள் ‘எட்டுச் சாமுராய்கள்’ என்று இன்றும் சொல்வார்கள். நேஷனல் செமிகண்டக்டர், இன்டல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், லிட்ரோனிக்ஸ், ஜெர்மனியின் பாஷ், ஜப்பானின் ஹிட்டாச்சி, கிளாரியன் ஆகியவைதான் அந்த எட்டு. இவற்றில் இன்டல் அப்போது நான்கு வயதுக் குழந்தை. முதல் வணிக நுண்செயலியை அது விற்பனைக்குக் கொண்டு வந்ததே 1971-இல்தான். அமெரிக்காவுக்கு வெளியே அந்த நிறுவனம் அமைத்த முதல் உற்பத்தித் தளம் நம் பினாங்கு.

இங்கே என்ன வேலை நடந்தது? சிலிக்கான் தகட்டின் மீது மின்சுற்றை அச்சடிக்கும் நுட்பமான வேலை அமெரிக்காவிலேயே நடந்தது. அச்சடித்த தகட்டை இங்கே அனுப்புவார்கள். இங்கே அதைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு சதுரத்தையும் ஒரு சட்டத்தில் ஒட்டி, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியால் முனைகளை இணைக்க வேண்டும். பிறகு உறை போட்டு மூடி, வேலை செய்கிறதா என்று சோதித்து, திரும்ப அனுப்ப வேண்டும். தங்கக் கம்பியை இணைக்கும் வேலைதான் அதிலேயே கடினம். நாள் முழுவதும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி செய்ய வேண்டும்.

அந்த வேலைக்குப் பெரும்பாலும் இளம்பெண்களையே எடுத்தார்கள். கம்பத்தில் இருந்து மலாய்ப் பெண்கள் வந்தார்கள். பட்டணத்தில் இருந்து சீனப் பெண்கள் வந்தார்கள். செபராங் பிறை தோட்டங்களில் இருந்தும் நகரத்தில் இருந்தும் தமிழ்ப் பெண்கள் வந்தார்கள். விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் வரும், பிறகு ஃபெரி, மீண்டும் பஸ். காலை, மாலை, இரவு என்று மூன்று ஷிப்ட். தோட்டத்தில் பிறந்த ஒரு பெண் பால்மரத்தையும் துரை வீட்டையும் தாண்டி, மாதச் சம்பளத்தைத் தன் பெயரில் வாங்கிய முதல் தலைமுறை அவர்களுடையது.

விரலுக்கு என்ன விலை?

இந்த இடத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்த தாய்மார்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இந்த மலையின் கதையும் பாயான் லெப்பாஸின் கதையும் தொடக்கத்தில் ஒன்று போலவே இருக்கின்றன. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைப் பற்றிக் குறிப்பெழுதினார். 1920-களில் ஜார்ஜ் மெக்ஸ்வெல் இதை மலைவாசத் தலமாக்கும் முயற்சியைத் தொடக்கி வைத்தார். 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவில் இருந்து மலைப்பாதை திறக்கப்பட்டது. 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. அரசாங்கம் நிலம் கொடுத்தது, முதலாளி பணம் போட்டார், சாலை வந்தது, தொழிலாளர்கள் வந்தார்கள். பாயான் லெப்பாஸிலும் ஏறக்குறைய இதேதான் நடந்தது.

‘ஆசியப் பெண்களின் விரல்கள் மென்மையானவை, பொறுமையானவை’ என்று மின்னியல் தொழிற்சாலைக்காரர்கள் சொன்னார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளத் தமிழ்ப் பெண்ணின் விரல்தான் ஏற்றது என்று தேயிலைத் தோட்டக்காரர்கள் அதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். விரலைப் புகழ்ந்தவர்கள் அந்த விரலுக்குக் கூலியைக் கூட்டிக் கொடுத்தார்களா என்றால், இரண்டு இடத்திலும் பதில் ஒன்றுதான். மலிவான கூலி என்பதுதான் இரண்டு முதலாளிகளையும் இங்கே அழைத்து வந்தது. மின்னியல் தொழிலாளர்கள் தொழிற்சங்கம் அமைக்க நெடுங்காலம் அனுமதி கிடைக்கவில்லை. 1988-இல்தான் அந்தந்த நிறுவனத்துக்குள் மட்டும் இயங்கும் சங்கத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்த வகையில், தோட்டத் தொழிலாளர் சங்கம் வைத்திருந்த நம் பாட்டன்மார்கள் ஒரு படி மேலே இருந்தார்கள்.

தொடக்கம் ஒன்று போல இருந்தும் முடிவு ஏன் வேறாக அமைந்தது? அங்கே ஓர் ஏணி இருந்தது. இங்கே இல்லை.

தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர் முப்பது ஆண்டுகள் எடுத்தாலும் கொழுந்து எடுப்பவர்தான். மிஞ்சிப் போனால் தண்டல் ஆகலாம். கிராணி வேலைக்கும் துரை வேலைக்கும் ஆட்கள் வெளியில் இருந்து வருவார்கள். பினாங்குத் தொழிற்சாலையிலும் முதல் பத்து ஆண்டுகள் ஏறக்குறைய அப்படித்தான். பிறகு நிலைமை மாறியது. ஆப்பரேட்டராகச் சேர்ந்தவர் லைன் லீடர் ஆனார். டெக்னீஷியனாகச் சேர்ந்தவர் இரவில் படித்துப் பொறியியலாளர் ஆனார். வெள்ளைக்கார மேலாளர் உட்கார்ந்த நாற்காலியில் மலேசியர் உட்கார்ந்தார்.

அடி மேல் அடி

இது தானாக நடந்துவிடவில்லை. பினாங்கு வாங்கிய அடிகள் கொஞ்சம் அல்ல. 1975-இல் இன்டல் தொழிற்சாலை தீக்கிரையானது. மூடிவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் மீண்டும் கட்டினார்கள். 1985, 1986 ஆண்டுகளில் உலக மின்னியல் சந்தை படுத்துவிட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். கம்பி இணைக்கும் வேலையைச் செய்ய இயந்திரங்களும் வந்துவிட்டன. மென்மையான விரல் என்ற புகழ் அன்றோடு சரி.

அந்த நேரத்தில் எடுத்த முடிவுதான் பினாங்கைக் காப்பாற்றியது. ‘மலிவான கை’ என்ற விளம்பரத்தை வைத்துக்கொண்டு இனிப் பிழைக்க முடியாது, அதைவிட மலிவான கை பக்கத்து நாட்டில் கிடைக்கும் என்பதைப் புரிந்துகொண்டார்கள். 1985-இல் 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டு, தீவும் செபராங் பிறையும் ஒரே தொழில் வட்டாரம் ஆயின. 1989-இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். மாநில அரசாங்கம், தொழிற்சாலைகள், கல்விக்கூடங்கள் என்று மூன்று தரப்பும் சேர்ந்து நடத்தும் பயிற்சி நிலையம் நாட்டில் அதுதான் முதல். சந்தையில் ஒருவரோடு ஒருவர் போட்டி போடும் நிறுவனங்கள், தொழிலாளருக்குப் பயிற்சி கொடுப்பதில் மட்டும் ஒன்று சேர்ந்தன. எந்த இயந்திரம் புதிதாக வருகிறதோ, அதைக் கற்றுக்கொடுக்கும் பாடமும் கூடவே வந்தது. 1969-இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அங்கேயே இருந்ததும் பெரிய பலம்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வேலை கற்றவர்கள் வெளியே வந்து சொந்தக் கடை போட்டார்கள். இன்டலில் பணியாற்றியவர்கள் 1991-இல் குளோபெட்ரானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஹியூலெட் பேக்கார்டிலும் அதிலிருந்து பிரிந்த நிறுவனத்திலும் அனுபவம் பெற்ற பொறியியலாளர்கள் 2000-இல் வைட்ராக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சில்லில் குறை இருக்கிறதா என்று கேமரா மூலம் கண்டுபிடிக்கும் இயந்திரங்களை அது உலகச் சந்தைக்குத் தயாரிக்கிறது. ஒரு காலத்தில் பெண்கள் நுண்ணோக்கியில் கண் வலிக்கப் பார்த்துச் செய்த சோதனையை, இன்று இயந்திரம் செய்கிறது. அந்த இயந்திரத்தைச் செய்பவர்கள் பினாங்கிலேயே இருக்கிறார்கள். ஏணி என்று நான் சொன்னது இதைத்தான்.

முதல் எட்டுப் பெயர்களில் பல இன்று பழைய பெயரில் இல்லை. ஹியூலெட் பேக்கார்டின் அளவைக் கருவிப் பிரிவு 1999-இல் அஜிலென்ட் ஆனது, 2014-இல் அதிலிருந்து கீசைட் பிரிந்தது. நேஷனல் செமிகண்டக்டரை 2011-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கிக்கொண்டது. பெயர்ப் பலகை மாறினாலும் வேலை தெரிந்த ஆட்கள் ஊரிலேயே இருந்ததால் தொழில் ஊரை விட்டுப் போகவில்லை.

இன்று உலகில் உறையிட்டுச் சோதிக்கப்படும் சில்லுகளில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் இருந்து போகின்றன. அதில் பெரும்பங்கு பினாங்குக்கும், 1996-இல் தொடங்கிய கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கும் உரியது. 2021 டிசம்பரில் இன்டல் 3,000 கோடி வெள்ளி முதலீட்டை அறிவித்தது. 2023-இல் பாஷ் நிறுவனம் பத்து காவானில் சில்லு சோதனை மையத்தைத் திறந்தது. 2024 மே மாதம் பிரதமர் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் திட்டத்தில் அரசாங்க ஆதரவாக 2,500 கோடி வெள்ளி ஒதுக்கப்படும் என்றும், 60,000 பொறியியலாளர்கள் உருவாக்கப்படுவார்கள் என்றும் சொல்லப்பட்டது. அந்த 60,000 என்ற எண்ணை மட்டும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

வளர்ச்சி யார் வீட்டு வாசலைத் தட்டியது?

நகரத்தின் வெற்றியை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் அது விளம்பரம் ஆகிவிடும். நகரம் வளரும்போது நிலத்தின் விலை வளரும். நிலத்தின் விலை வளரும்போது, கிராண்ட் கையில் இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான்.

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் குறைந்த வாடகைக்குப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு முடிந்தது. பல குடும்பங்கள் ஊரின் மையத்தை விட்டு வெளியேறின. 2008-இல் அந்தக் கடைவீடுகள் இருக்கும் பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தபோது, கட்டடங்கள் இருந்தன, அங்கே வாழ்ந்தவர்களில் பலர் இல்லை.

கம்போங் புவா பாலாவை மறக்க முடியுமா? மாடு வளர்த்து, பால் கறந்து, பல தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்ந்த கிராமம். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்த பிறகும் அங்கே மாட்டுமணி ஓசை கேட்டது. நிலம் கைமாறியது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு மக்களுக்குச் சாதகமாக வரவில்லை. 2009 செப்டம்பரில் வீடுகள் உடைக்கப்பட்டன. அந்தக் காட்சிகளைத் தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்துக் கலங்காத தமிழர் குறைவு.

இது நமக்கு அந்நியமான வலி அல்ல. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியபோது, பல்லாயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறின. வேலை போனால் வீடும் போகும் என்ற ஏற்பாட்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்த ஒரு நாளில் இரண்டும் போயின. பட்டணத்தின் ஓரத்தில் புறம்போக்கு நிலத்தில் குடியேறினார்கள். தொழிற்சாலைக்கு அருகில் இருந்தும், தொழிற்சாலைக்குள் நல்ல வேலைக்குப் போகத் தேவையான படிப்பு அவர்கள் பிள்ளைகளிடம் இல்லை. ஏணி பக்கத்திலேயே இருந்தது, முதல் படியில் கால் வைக்க முடியவில்லை. நம் சமுதாயத்தின் சோகம் இதுதான்.

இந்த மலைக்கும் அந்தக் கேள்வி வரும். ஏற்கெனவே வந்துவிட்டது என்றும் சொல்லலாம். கொழுந்தைக் கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரி வந்தது, கத்தரிக்குப் பிறகு இருவர் பிடித்துப் போகும் வெட்டு இயந்திரம் வந்தது. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா என்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். பினாங்கில் தங்கக் கம்பி இணைத்த விரலுக்கு நடந்ததுதான் இங்கே கொழுந்து கிள்ளிய விரலுக்கும் நடந்திருக்கிறது. அங்கே விரலின் வேலை போனபோது மூளைக்கு வேலை கொடுக்க ஒரு பயிற்சி மையம் எழுந்தது. இங்கே என்ன எழுந்தது என்பதை உங்கள் யோசனைக்கே விட்டுவிடுகிறேன்.

பிள்ளையை அனுப்பலாமா?

கேள்வி நேரத்தில் ஒரு தாயார் எழுந்து, “தம்பி, நீங்க சொல்றது எல்லாம் சரி. என் மக எஸ்.பி.எம். முடிச்சிட்டா. பினாங்கு பேக்டரிக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு ஏஜெண்ட் வந்து சொல்றாரு. ஹாஸ்டல் உண்டு, பஸ் உண்டு, ஓ.டி. உண்டுன்னு சொல்றாரு. அனுப்பலாமா?” என்று கேட்டார். மண்டபமே அமைதியாகிவிட்டது. அங்கே இருந்த பாதிப் பேருடைய கேள்வி அதுதான்.

நான் சொன்ன பதில் இதுதான்: “அம்மா, அனுப்பலாம். வேலை எதுவும் கேவலம் இல்லை. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஓ.டி. சேர்ந்தால் கைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் உங்கள் மகள் எந்தப் படியில் ஏறப் போகிறாள் என்று பாருங்கள். இன்று ஆப்பரேட்டராகப் போனால் மூன்று ஆண்டு கழித்து எங்கே இருப்பாள் என்று ஏஜெண்டைக் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியவில்லை என்றால், ஓராண்டு ஈராண்டு பல்லைக் கடித்துக்கொண்டு பாலிடெக்னிக்கிலோ தொழில்பயிற்சிக் கழகத்திலோ சேர்த்துவிடுங்கள். டெக்னீஷியனாக நுழைபவருக்கும் ஆப்பரேட்டராக நுழைபவருக்கும் முதல் மாதச் சம்பளத்தில் உள்ள வித்தியாசம் சில நூறு வெள்ளியாக இருக்கலாம். பத்தாவது ஆண்டில் அந்த வித்தியாசம் ஒரு வீடாக இருக்கும்.”

அவர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. “ரெண்டு வருஷம் பல்லைக் கடிக்கிறது சொல்றதுக்கு லேசு தம்பி, கடையில பாக்கி நிக்குது” என்றார். அதற்குக் கைதட்டலும் கிடைத்தது. உண்மைதான். வறுமையில் இருப்பவரிடம் பொறுமையாக இரு என்று சொல்வது எளிது. அதனால்தான் இதைப் பெற்றோர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. தோட்டத்துப் பள்ளி மேலாளர் வாரியம், முன்னாள் மாணவர்கள், கோயில் நிர்வாகம், வெளியூரில் நல்ல வேலையில் இருக்கும் இந்த மண்ணின் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, ஆண்டுக்கு நான்கைந்து பிள்ளைகளின் அந்த இரண்டு வருடத்தைச் சுமந்தால் போதும். திருவிழாச் செலவில் ஒரு நாள் உபயத்தைக் குறைத்தாலே ஒரு பிள்ளையின் விடுதிக் கட்டணத்துக்கு வழி பிறக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள், சாமியும் கோபித்துக்கொள்ளாது.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. தொழில்நுட்ப வேலை என்றால் ஆயுள் முழுவதும் நிரந்தரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஆகஸ்டில் இன்டல் உலக அளவில் தன் ஊழியர்களில் 15 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கப் போவதாக அறிவித்தது. அமெரிக்காவில் ஒரு முடிவு எடுத்தால் பாயான் லெப்பாஸில் விளக்கு அணையும். பினாங்கு இதை 1986-லும் பார்த்தது, 2001-லும் பார்த்தது. ஒவ்வொரு முறையும் அதிகம் அடிபட்டவர்கள் ஒரே ஒரு வேலையை மட்டும் தெரிந்து வைத்திருந்தவர்கள். கூடுதலாக ஒரு திறன் கற்றவருக்கு அடுத்த கதவைத் தட்டும் தைரியம் இருந்தது.

அந்த 60,000

இப்போது அந்த 60,000 என்ற எண்ணுக்கு வருகிறேன். அத்தனை பொறியியலாளர்கள் வானத்தில் இருந்து குதிக்கப் போவதில்லை. இன்று நான்காம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் இருந்துதான் வர வேண்டும். அதில் எத்தனை பேர் தமிழ்ப்பள்ளியில் இருந்து வருவார்கள்? அதில் எத்தனை பேர் இந்த மலையில் இருந்து வருவார்கள்? அந்தக் கணக்கைப் போட வேண்டியது புத்ராஜெயா மட்டும் அல்ல. நாமும் போட வேண்டும்.

படிவம் நான்கில் ‘கணக்கு வராது, அறிவியல் வேண்டாம்’ என்று ஒரு பிள்ளை ஒதுங்கும்போது, அந்த ஏணியின் முதல் படி அங்கேயே உடைந்து போகிறது. அதைப் பினாங்குக்குப் போய் ஒட்ட வைக்க முடியாது. ஆசிரியர் சொல்லிவிட்டார் என்று தலையாட்டாமல், ஏன் வராது, யார் கற்றுக்கொடுத்தால் வரும் என்று கேட்கும் தாய் தகப்பன் வேண்டும். மாலை நேரத்தில் ஒரு மண்டபம், ஒரு கரும்பலகை, கணக்கு தெரிந்த ஒரு அண்ணனோ அக்காவோ கிடைத்தால் போதும். பெரிய நிதி தேவையில்லை.

இந்த மலையில் பெய்யும் மழை ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபூபக்கார் அணையில் சேர்ந்து, 1960-களில் இருந்து மின்சாரமாக மாறிக் கீழே போகிறது. இங்கே கிள்ளிய கொழுந்து நாடு முழுவதும் தேநீராகப் போகிறது. இத்தனை காலம் இந்த மலை கீழே இருப்பவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இனி இங்கிருந்து கீழே போகும் பிள்ளைகள் கையில் சான்றிதழோடு போகட்டும். போகிற இடத்தில் சொந்தப் பெயரில் ஒரு வீடு வாங்கட்டும். அந்த வீட்டின் கிராண்டில் நம் பிள்ளையின் பெயர் இருக்கட்டும்.

1969-இல் பினாங்கிடம் துறைமுகம் இல்லை, வேலை இல்லை, எதிர்காலமும் தெரியவில்லை. அடுத்த மூன்றே ஆண்டில் நெல்வயலில் தொழிற்சாலை எழுந்தது. இருபது ஆண்டில் தன் மக்களுக்குத் தானே பயிற்சி மையம் கட்டிக்கொண்டது. முப்பது ஆண்டில் தானே இயந்திரம் செய்து விற்கத் தொடங்கியது. ஒரு நகரத்துக்கு முப்பது ஆண்டு ஆனது என்றால், ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைமுறை ஆகும். இன்று இந்த மண்டபத்தில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் அந்தக் கணக்கைத் தொடங்கி வைக்கலாம்.